நிண்ட இடத்தில நில்லும்

லூசேர்ன், சுவிற்சர்லாந்து
2025 யூன் 5

இஞ்சாரும்,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறது தாட்சாயினி எண்ட பிள்ளை. சிட்னியில வென்ட்வேர்த்வில்லில இருக்கிறவ, நேர்ஸ் வேலை. புருசனோட எங்கட ஐரோப்பா ரூரில வந்திருக்கிறா. உமக்குக் காது கேக்காது, எனக்கு எழுத்துத் தெரியாது. வீடியோவில முகத்தைப் பாத்தாவது கதைப்பம் எண்டா, சிங்கப்பூருக்குப் பிறகு நீர் போனை எடுக்கிறீர் இல்லை. அதால பஸ்ஸில எனக்கு முன் சீற்றில இருந்த இந்தப் பிள்ளையைக் கேட்டன். "நீங்கள் சொல்லுங்கோ அங்கிள், ஒரு சொல்லும் விடாமல் எழுதுறன்" எண்டது. ஒரு சொல்லும் விடாமல் எண்டதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடக்கு.

முதல் சிங்கப்பூர்ச் சங்கதி. நாலு வருசமா நான் மெரிலேண்ட்ஸில மகனோட, நீர் கிரெய்கிபர்னில மகளோட. கலியாணம் கட்டி அம்பது வருசம் எண்டு பிள்ளையள் ரெண்டு பேரும் சேந்து எங்களுக்கு இந்தப் பயணத்தைப் போட்டவை. நான் சிட்னியால, நீர் மெல்பேணால, சிங்கப்பூரில சந்திக்கிறது எண்டு பேச்சு. மெல்பேண் பிளேன் வந்து சனம் இறங்க, நான் வாசலில நிண்டனான். ஒரு சக்கரக் கதிரை வந்தது. நீராக்கும் எண்டு முன்னுக்குப் போனன். ஒரு சீனக் கிழவி. என்னைப் பாத்துச் சிரிச்சா. நானும் சிரிச்சன், வேற என்ன செய்யிறது. கடைசியில பிளேன் ஓட்டுறவையும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்திச்சினம். அதுக்குப் பிறகும் கொஞ்சம் நிண்டனான். பிறகுதான் சுஜீதன் போனில சொல்லுறான்: "அம்மாவுக்கு முழங்கால் ஏலாதாம் அப்பா. நீங்கள் போட்டு வாங்கோ."

முழங்கால். எந்த முழங்கால் எண்டு கேட்டன். அவனுக்குத் தெரியாது. ராகவிக்கு எடுத்துக் கேட்டன். அவளுக்கும் தெரியாது. நோகிற காலைப் பக்கத்தில இருக்கிற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் நீர் வைச்சிருந்தீர் எண்டா, அது என்ன மாதிரி நோ எண்டு எனக்கு விளங்கேல்ல.

இண்டைக்கு மலைக்குப் போனனாங்கள். கேபிள் கார் தன்ர பாட்டில சுத்திச் சுத்தி மேல ஏறுது. ஒருக்காப் பனி தெரியும், ஒருக்காக் கீழ ஏரி தெரியும், ஒருக்காப் பச்சைப் புல்லில மாடு நிக்கும். மாட்டின்ர கழுத்தில பானை அளவு மணி. ஏரி நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. உம்மட கூறைச் சீலையைத் திருப்பிப் பிடிச்சா உள்பக்கத்தில ஒரு நிறம் வருமே, அந்த நிறம்.

பஸ்ஸில உம்மட சீற்றில என்ர கோட்டை வைச்சிருக்கிறன். மதுரைப் பக்கத்துக் கோபாலகிருஷ்ணன் எண்டு ஒருத்தர், நல்ல பகிடிக்காரன். "என்ன அய்யா, கோட்டுக்குத் தனி டிக்கெட்டா?" எண்டு கேட்டார். "ஓம் தம்பி, வாங்கினதுதான். அதுதான் ஜன்னல் பக்கம் குடுத்திருக்கு" எண்டன். எல்லாரும் சிரிச்சவை. நானும் சேந்து சிரிச்சன்.

ஏன் வரேல்ல எண்டு எழுதும்.

கந்தவனம்


கிரெய்கிபர்ன், மெல்பேண்
2025 யூன் 7

இஞ்சாருங்கோ,

கடிதம் கிடைத்தது. போனில் வந்ததை ராகவி தாளில் எடுத்துத் தந்தாள். நான் எழுதுகிறதை அவள் படம் பிடித்து அந்தப் பிள்ளைக்கு அனுப்புவாள். வாசிக்காமல் பிடி என்று சொல்லியிருக்கிறன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பிடிக்கிறாள். படம் எப்படி வருமோ தெரியாது.

நோவு வலது முழங்காலில். இங்கே சரியான குளிர். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. நீங்கள் பனி பார்க்க மலைக்குப் போக, எனக்குப் பனி வாசலுக்கே வருகிறது.

பிறத்தியாருடைய பிள்ளையைப் பிடித்து என் கூறைச் சேலையின் உள்பக்கத்தைப் பற்றி எழுதுவிக்கிறது நல்லாயில்லை. அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? உங்கள் பிரஷர் குளிசை நீலப் பெட்டியில், காலமை சாப்பாட்டுக்குப் பிறகு. அதையும் அந்தப் பிள்ளையிடமே சொல்லி வையுங்கோ. காலுக்குக் கம்பளி மேசு போடுங்கோ. மேசு இல்லையென்றால் வாங்குங்கோ.

உங்களுக்கு அங்கே ஒரு குறையும் இருக்காது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுவீங்கள். அண்டைக்கும் அப்படித்தான். சுஜீதன், "அப்பா, நீங்கள் எங்களோட நில்லுங்கோ, அம்மா ராகவியோட நிக்கட்டும்" என்று கேட்ட உடனே, "எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை" என்று சொன்னனீங்கள். ஒரு மூச்சுக்கூட விட்டு யோசிக்கவில்லை. அதைப் பற்றி நான் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. இப்பவும் கேட்கவில்லை. எழுத வந்ததில் எழுதிவிட்டன்.

பால் தேத்தண்ணி கிடைக்குமோ அங்கே?

யோகா


புளெட், சுலோவேனியா
2025 யூன் 9

இஞ்சாரும்,

தாட்சாயினி பிள்ளை உம்மட கடிதத்தை ஏரிக்கரை வாங்கில குந்தியிருந்து வாசிச்சுக் காட்டினது. எழுத்து வடிவாம். படம்தான் கோணலாம்.

நீர் கேக்கேல்ல எண்டு எழுதிப்போட்டுக் கேட்டிருக்கிறீர். கேட்டதுக்குப் பதில் சொல்லுறன். எனக்கு எழுத்துத் தங்காட்டிலும் நடந்தது தங்கும்.

அண்டைக்கு மெரிலேண்ட்ஸில ஞாயிற்றுக்கிழமை. குசினியில நீர் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிண்டீர். பச்சைக் கைப்பிடிக் கத்தி. ராகவிக்குச் சின்னவன் பிறக்க ஒரு மாசம் கிடந்தது. சுஜீதன் வாயே திறக்கேல்ல, அதுக்கு முதல் நீர் சொன்னீர்: "பிள்ளைப்பெத்துக்கு நான் மெல்பேணுக்குப் போகத்தானே வேணும், ஆரோ ஒராள் போகத்தானே வேணும்." சொல்லேக்க என்னைப் பாக்கேல்ல, லீக்ஸைப் பாத்தீர். எனக்கு என்ன விளங்கும்? மகளோட இருக்க உமக்கு விருப்பம் எண்டு விளங்கிச்சு. பிறகு அவன் என்னைக் கேட்டான். உமக்குக் குறுக்க நிக்கப்படாது எண்டு, கரைச்சல் இல்லை எண்டன். மூச்சு விடாமல் சொன்னது, விட்டா வேற ஏதும் வந்திடும் எண்டுதான்.

ஆறு மாசம் எண்டு போனனீர். பிறகு ராகவி வேலைக்குத் திரும்பினாள். பிறகு சிட்னியில சுஜீதன்ர பிள்ளையளை ஆர் பள்ளிக்கூடத்தால கூட்டி வாறது எண்டு வந்துது. எங்களை ஒருத்தரும் பிரிக்கேல்ல. அவையவைக்கு உதவி எண்டு பிரிஞ்சு நிண்டிட்டம்.

சரி, ஊர்ப்புதினம். இந்த ஏரிக்கு நடுவில சின்னத் தீவு ஒண்டு. அதில ஒரு சேர்ச். ஒருத்தன் நிண்டுகொண்டு ரெண்டு துடுப்பால தோணியைத் தள்ளிக்கொண்டு போறான். ஒரு சத்தம் இல்லை. உமக்கு எப்பவும் இப்பிடித்தான் இருக்குமாக்கும் எண்டு நினைச்சன். தீவில இறங்கினா நீளப் படிக்கட்டு. கலியாணம் கட்டினா, மாப்பிளை பொம்பிளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியெல்லாம் ஏற வேணுமாம். ஏறி முடியுமட்டும் பொம்பிளை வாய் திறக்கப்படாதாம். கோபாலகிருஷ்ணன்ர மனுசி அவரைப் பாத்து, "முப்பது வருசம் முன்னாடி இங்க கூட்டிட்டு வந்திருக்கணும் நீங்க" எண்டா. "அப்ப நீ பேசாம வந்திருப்பியா?" எண்டு கேட்டு, கையில ஒரு அடி வாங்கினார்.

உம்மைத் தூக்க எனக்கு இப்ப ஏலாது. அண்டைக்கு ஏலுமா இருந்திருக்கும். கிணறு வெட்டின தோள்.

சேர்ச்சுக்குள்ள மேலயிருந்து ஒரு கயிறு தொங்குது. பிடிச்சு இழுத்து மணியை அடிச்சு, மனசில நினைச்சதைக் கேட்டால் நடக்குமாம். எல்லாரும் வரிசையில நிண்டு அடிச்சவை. நானும் நிண்டனான். கயிறைப் பிடிச்சன். எனக்கு என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும். உமக்கு என்ன வேணும் எண்டு தெரியாமல் அடிச்சா, ஒராளின்ர ஆசையை மற்றாளின்ர தலையில கட்டின மாதிரிப் போயிடும். அதால கயிறை விட்டிட்டன். எனக்குப் பின்னால நிண்ட வெள்ளைக்காரப் பெடியனுக்கு ஒண்டும் விளங்கேல்ல.

அதாலதான் கேக்கிறன். முழங்காலை விடும். ஏன் வரேல்ல?

கந்தவனம்

(அன்ரி, இதை எழுத வேண்டாம் எண்டு அங்கிள் சொன்னவர். ஒரு சொல்லும் விடமாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டன், அதால எழுதுறன். தோணியில திரும்பி வரேக்க ஒரு பக்கமா ஒதுங்கித்தான் இருந்தவர். பக்கத்தில ஒராளுக்கு இடம் இருந்தது. - தாட்சாயினி)


கிரெய்கிபர்ன்
2025 யூன் 10

இஞ்சாருங்கோ,

இந்தக் கடிதத்தை ராகவி படம் பிடிக்கவில்லை. நானே பிடித்துப் பழகி அனுப்புகிறன். அந்தப் பிள்ளையைத் தனிய ஒரு இடத்தில் இருத்தி மெல்ல வாசிக்கச் சொல்லுங்கோ. பஸ்ஸுக்குள் வேண்டாம்.

எனக்கு வரத்தான் விருப்பம். பெட்டி அடுக்கி, சப்பாத்தும் போட்டு வாசலில் நின்றனான். மருமகன் கபிலன் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது ராகவி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். திரும்பி வரும்போது சிங்கப்பூரில் எனக்குச் சக்கரக் கதிரை சொல்லியிருக்கிறாளாம். "அப்பாவின் சிட்னிக் கேற் வேற, உங்கள் மெல்பேண் கேற் வேற, பயப்படாதேங்கோ, ஒராள் வந்து தள்ளிக்கொண்டு போவார்" என்று எழுதியிருந்தது. நல்லதுக்குத்தான் எழுதினவள்.

நான் அந்த இடத்திலேயே சப்பாத்தைக் கழற்றினன். பத்து நாள் உங்களோடு ஒரு பஸ்ஸில், ஒரு மேசையில், ஒரு அறையில் இருந்துவிட்டு, பிறகு ஆரோ ஒருத்தர் என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு பக்கம் போக, நீங்கள் மற்றப் பக்கம் போறதைத் திரும்பிப் பார்க்க வேணும். முதல் தரம் பிரிந்தபோது அது பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் தாங்கினன். இது தெரிந்துகொண்டு போறது. அதனால் முழங்கால் என்று சொன்னன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேணும். இந்த வீட்டில் எல்லாரும் அன்பானவர்கள். ஆனால் ஒருத்தரும் என் முன்னால் வந்து நின்று கதைக்கிறதில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு கதைப்பார்கள், போனைப் பார்த்துக்கொண்டு கதைப்பார்கள். "என்ன?" என்று இரண்டு தரம் கேட்டால், "ஒண்டுமில்லை அம்மா" என்று விட்டுவிடுவார்கள். அந்த வாயசைவு மட்டும் எனக்கு நல்லாய் விளங்குகிறது. காது மங்கத் தொடங்கின நாளிலிருந்து, நடந்து வந்து முன்னுக்கு நின்று முகத்தை நிமிர்த்திக் கதைக்கிறது நீங்கள் ஒருத்தர்தான்.

லீக்ஸ் வெட்டினது உண்மை. உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவன் என்றுதான் அதைப் பார்த்தனான். நீங்கள் என்னை மறிப்பீங்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றன்.

யோகா


போஸ்தோய்னா, சுலோவேனியா
2025 யூன் 12

இஞ்சாரும்,

கடிதத்தை ஒரு மரத்துக்குக் கீழ வைச்சு வாசிச்சது. பிறகு அந்தப் பிள்ளை போய் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்தது. பாலோட.

உம்மட கடிதத்துக்கு இப்ப பதில் சொல்லேல்ல. இண்டைக்குப் பாத்த குகையைச் சொல்லுறன். கேளும்.

மலைக்குள்ள ரெயின் போகுது. கூரை இல்லாத சின்ன ரெயின். தலையைக் குனிய வேணும், இல்லாட்டி கல்லு இடிக்கும். உள்ளுக்கு இறங்கினா, கோயில் மண்டபங்கள் ஒண்டுக்குள்ள ஒண்டா வைச்ச மாதிரிக் கிடக்கு. மேலயிருந்து கல்லு ஒழுகி நிக்குது, கீழயிருந்தும் வளந்து நிக்குது. சில இடத்தில மேல்கல்லும் கீழ்க்கல்லும் முட்டுறதுக்கு ஒரு விரல்தான் கிடக்கு. கையை வைச்சுப் பாத்தன். எங்கட சுண்ணாம்புக் கல்லுத்தான். நான் ஆயுசு முழுக்கக் கிணறு வெட்டின கல்லு. எங்கட ஊரில அதை உடைச்சுத் தண்ணி எடுத்தம், இவை பத்திரமா வைச்சுச் சனத்துக்குக் காட்டுகினம்.

ஒரு தண்ணித் தொட்டிக்குள்ள மீனும் இல்லாத பல்லியும் இல்லாத ஒரு உயிரைக் காட்டிச்சினம். மனுச நிறம். கண் இல்லை. இருட்டுக்குள்ளயே நெடுங்காலம் சீவிக்குமாம், வருசக்கணக்கில சாப்பிடாமலும் கிடக்குமாம். ஒண்டு தனியக் கல்லுக்குப் பக்கத்தில கிடந்தது. எல்லாரும் படம் எடுத்தவை. எனக்கு மனமில்லாமல் போச்சு.

அதுக்குப் பிறகுதான் சங்கதி. குகையைக் காட்டுற பெட்டை, "கூட்டத்தை விட்டு ஆரும் தவறிப் போனால் தேடி அலையாதேங்கோ. நிண்ட இடத்தில நில்லுங்கோ. நாங்கள் வந்து எடுப்பம்" எண்டு சொன்னதாம். தாட்சாயினிதான் தமிழில சொன்னது. பிறகு அந்தக் குகைப் பெட்டை ஒரு கணம் லைற்றை நூத்தாள். அப்பிடி ஒரு இருட்டை நான் கிணத்துக்குள்ளயும் காணேல்ல. கை தெரியேல்ல. அந்த இருட்டில எனக்குத் தெரிஞ்சது நாவற்குழிப் பாலம்.

தொண்ணூத்தைஞ்சில சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. மழை. நீர் ராகவியைக் கையில பிடிச்சிருந்தீர். நான் சுஜீதனோட சைக்கிளை உருட்டினன். பாலத்துக்கு முன்னால சனம் நெரிச்சுப் பிரிச்சுப் போட்டுது. நீர் முன்னுக்குப் போயிட்டீர் எண்டு நான் பாலத்துக்கு அங்கால கைதடிக்கு ஓடினன். நான் பின்னுக்கு நிக்கிறன் எண்டு நீர் பாலத்துக்குத் திரும்பினீர். நான் பாலத்துக்கு வர நீர் கைதடிக்கு. திரும்ப நான் கைதடிக்கு வர நீர் பாலத்துக்கு. விடியத்தான் பள்ளிக்கூட விறாந்தையில கண்டனான். கால் வீங்கி, சேலைக் கரையெல்லாம் சேறு. நீர் சொன்னது எனக்கு அப்பிடியே கிடக்கு: "இனிமேல் இப்பிடி வந்தால் ஒருத்தர் நிக்க வேணும், மற்றவர் தேட வேணும்." "ஆர் நிக்கிறது?" எண்டு கேட்டன். நீர் நித்திரையாப் போனீர்.

அந்தக் கேள்வி இன்னும் அப்பிடியே கிடக்கு.

நாளைக்கு இரவு மிலானில பிளேன். நான் ஒரு காரியம் செய்யிறன். மகனுக்கும் சொல்லேல்ல, மகளுக்கும் சொல்லேல்ல. உமக்கும் இப்ப சொல்லேல்ல, சொன்னா வேண்டாம் எண்டுவீர்.

கந்தவனம்


மெரிலேண்ட்ஸ், சிட்னி
2025 யூன் 15, பகல்

இஞ்சாருங்கோ,

இதை நான் உங்கள் அறையில், உங்கள் கட்டிலில் இருந்து எழுதுகிறன்.

உங்களுக்குச் சொன்னால் வேண்டாம் என்பீங்கள் என்று நானும் சொல்லவில்லை. ராகவிக்கு மட்டும் சொன்னன். நேற்று அவள்தான் விமானத்தில் ஏற்றிவிட்டவள். நீங்கள் வீட்டு வாசலுக்கு வர, கதவைத் திறக்கிறது நானாக இருக்க வேணும் என்று நினைத்தன். காலமை எழும்பி இடியப்பமும் சொதியும் செய்து வைத்தன். சுஜீதன் உங்களைக் கூட்டி வர எயார்போட் போனவன். திரும்பித் தனியத்தான் வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. முதல்முறையாக என் முன்னால் வந்து குந்தியிருந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். சிட்னி விமானத்தில் தாட்சாயினி வந்தவவாம். "அங்கிள் சிங்கப்பூரில மெல்பேண் கேற்றுக்குப் போயிட்டார்" என்று சொன்னவவாம்.

நான் சிரித்தன். பிள்ளைக்குப் பயம், அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. பாலத்துக் கதையை அவனுக்குச் சொன்னன். அவனுக்கு சைக்கிள் மட்டும்தான் நினைவிருக்கிறதாம்.

பிறகு உங்கள் அறைக்குள் வந்தன். நாலு வருசத்தில் முதல் தரம் தனிய இருந்து பார்க்கிறன். கட்டிலுக்கு எதிரில் ஒரு கதிரை. அதில் போனைச் சாய்த்து வைக்க ஒரு பிஸ்கற் பேணி. பக்கத்தில் மேசை விளக்கு. விளக்கின் தலை, நீங்கள் இருக்கிற இடத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எதற்கு இப்படி என்று கட்டிலில் இருந்து போட்டுப் பார்த்தன். வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது, கண் கூசியது. போனில் உங்கள் முகம் எப்போதும் பளிச்சென்று தெரியும். சிட்னியில் வெயில் கூடவாக்கும் என்று நினைத்திருந்தன். நான் உங்கள் வாயைப் பார்த்து விளங்குவதற்காக, நாலு வருசம் கண் கூசக் கூச இருந்திருக்கிறீங்கள். ஒரு நாளும் சொல்லவில்லை.

இடியப்பம் ஆறிவிட்டது. நாளைக்குக் காலமை முதல் விமானத்தில் நான் அங்கே வாறன்.

யோகா


கிரெய்கிபர்ன், மெல்பேண்
2025 யூன் 15, பின்னேரம்

இஞ்சாரும்,

இதை எழுதுறது ராகவி. அழுதழுது எழுதுறாள், பிழை இருந்தாப் பொறும்.

சிங்கப்பூரில அந்த ரெண்டு கேற்றையும் பாத்தனான். ரூர் கூட்டி வந்த பெடியன்தான் மிலானில வைச்சு ரிக்கற்றை மாத்தித் தந்தவன். தாட்சாயினி சிட்னிப் பக்கம் திரும்ப, நான் மற்றப் பக்கம் திரும்பினன். பலகை வாசிக்கத் தெரியாது. முதல் நாள் நீர் வராத வாசல் எது எண்டு தெரியும்தானே, அந்த வழியாலதான் போனன். இஞ்ச இறங்கி, ரக்சிக்காரனுக்குத் தாட்சாயினி எழுதித் தந்த விலாசத்தைக் காட்டினன். கதவைத் திறந்த ராகவி என்னைப் பாத்திட்டு, வாசலிலயே இருந்து தலையில கையை வைச்சாள். "அம்மா அங்க போயிட்டா அப்பா" எண்டாள். கபிலன் சிரிச்சுச் சிரிச்சு இருமத் தொடங்கிட்டார்.

உம்மட அறையில கதவுக்குப் பின்னால பெட்டி நிக்குது. அண்டைக்கு அடுக்கினபடியாம். ஒருத்தரையும் தொட விடேல்லையாம். ராகவி இப்ப திறந்து காட்டினாள். மேலயே ரெண்டு சோடி கம்பளி மேசு. என்ர கால் அளவு. அதை வைச்சுக்கொண்டே எனக்கு மேசு வாங்கச் சொல்லி எழுதியிருக்கிறீர். போட்டுக்கொண்டுதான் இதைச் சொல்லுறன். நல்ல சூடு.

பிள்ளையள் ரெண்டு பேரும் போனில சண்டை. "நீ ஏன் அம்மாவை விட்டனி", "நீ ஏன் அப்பாவைக் கேக்கேல்ல" எண்டு. பிறகு ரெண்டு பேரும் எங்களைத் தங்களோட வைச்சிருக்கப் போறம் எண்டு சண்டை. எந்த ஊர் எண்டதை நீரும் நானும் ஒரு மேசையில இருந்து கதைப்பம். ரெண்டு பேரும் ஒரு இடத்தில எண்டது மட்டும் முடிஞ்ச கதை எண்டு சொல்லிப்போட்டன். கரைச்சல் இல்லை எண்ட சொல்லை இனி என்ர வாயால எடுக்கமாட்டன்.

இப்ப கவனமாக் கேளும். நாளைக்கு நீர் பிளேன் ஏறவேண்டாம். நீர் ஏற, நானும் ஏற, திரும்பவும் பாலமும் கைதடியுமாப் போயிடும். ஆர் நிக்கிறது எண்டு அண்டைக்குக் கேட்டதுக்கு இண்டைக்கு நானே சொல்லுறன். நீர் நிண்ட இடத்தில நில்லும். தேடி வாறது நான்.

கந்தவனம்


மெரிலேண்ட்ஸ், சிட்னி
2025 யூன் 15, பொழுதுபட

இஞ்சாருங்கோ,

நிக்கிறன்.

மணி அடிக்காதேங்கோ, எனக்குக் கேட்காது. கதவு திறந்திருக்கும். விளக்கை வாசல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறன். நீங்கள் வந்து நிற்கும்போது முகத்தில் வெளிச்சம் பட வேணும்.

யோகா